கம்பெனி வாசல் போர்டில் இன்றைய தேதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தோரு வருடமாகக் கடலூரில் போர்டு எழுதிப் பிழைக்கிறேன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு கடை போர்டு, கட்சிச் சுவர் எல்லாம் கையை விட்டுப் போயிற்று. மிச்சம் இருப்பது கோயில், பள்ளிக்கூடம், சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகள். கம்பெனிகளில் "புகை பிடிக்காதீர்", "தலைக்கவசம் அணிக" எழுதுவதோடு, வாசலில் நிற்கிற ஒரு பெரிய போர்டு வேலையும் எங்களுக்கு வரும். அந்தப் போர்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சிதம்பரம் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே என்னென்ன ரசாயனம் புழங்குகிறது, கழிவுநீர் எவ்வளவு, அதில் பி.எச். (அமில, கார அளவு), சி.ஓ.டி., பி.ஓ.டி. (கழிவு எவ்வளவு பிராணவாயுவை இழுக்கும் என்று காட்டும் இரண்டு அளவுகள்) எத்தனை, புகைபோக்கியில் என்ன வருகிறது, அபாயகரமான கழிவு எவ்வளவு சேர்ந்தது என்று கட்டம் கட்டமாக இருக்கும். இது கம்பெனி ஆசைப்பட்டு வைப்பதல்ல. அபாயகரக் கழிவு வழக்கில் 14.10.2003 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. வெளியே நிற்கும் ஊர்க்காரன் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே மெயின் கேட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள்.

சில வருடம் முன்பு ஒரு கம்பெனியில் இந்த வேலைக்குப் போனேன். தகரத்துக்கு இரண்டு கோட்டு அடித்து, நூல் பிடித்துக் கட்டம் போட்டு, தலைப்பெல்லாம் எழுதி முடித்தேன். எண் எழுத வேண்டிய இடத்தை விட்டுவைத்தேன். அங்கே கரும்பலகை பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் தினமும் சாக்பீஸில் எழுதி அழித்துக்கொள்ளலாம். பக்கத்தில் நின்ற அலுவலர் ஒரு தாளை நீட்டி, "நம்பரையும் நீங்களே எனாமல்ல எழுதிடுங்க, மழையில அழியக் கூடாது" என்றார். தேதிக் கட்டத்துக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "அத அப்படியே விட்டுடுங்க" என்றார். எழுதினேன். கூலியும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து அந்த வழியாகப் போனபோது நின்று பார்த்தேன். ஓரமெல்லாம் துருவேறி இருந்தது. சி.ஓ.டி. 180 என்று நான் எழுதியது அப்படியே இருந்தது. 8 போடும்போது மேல் சுழியைச் சின்னதாகப் போடுவது என் வழக்கம். என் எழுத்து எனக்குத் தெரியாதா? தினமும் மாற வேண்டிய எண் என் பிரஷ்ஷால் நின்றுபோனது இன்றுவரை மனதை அறுக்கிறது.

இத்தனை போர்டு எழுதியதில் அளவுகள் எனக்கே மனப்பாடம். ஆற்றில் விடுகிற தண்ணீரில் சி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள், பி.ஓ.டி. 30-க்குள், பி.எச். 5.5-லிருந்து 9-க்குள் இருக்க வேண்டும். சி.ஓ.டி. ஏற ஏறத் தண்ணீரில் உள்ள பிராணவாயுவைக் கழிவே தின்றுவிடும், மீனுக்கு மூச்சு முட்டும் என்று ஒரு கெமிஸ்ட் தம்பி விளக்கினார். சிப்காட் ஓரமாக ஓடும் உப்பனாற்றில் வலை போடுகிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் அக்காவை சிப்காட் பக்கத்து ஊரான ஈச்சங்காட்டில் கொடுத்திருக்கிறோம். சில ராத்திரிகளில் பதினொரு மணிக்கு மேல் போன் வரும். "அழுகின முட்டைக்கோஸ் நாத்தம்டா, பிள்ளைங்க தூங்க மாட்டேங்குது" என்பாள். புகார் கொடுத்து விடிந்து அதிகாரி வரும்போது காற்று திசை மாறியிருக்கும். அந்த ராத்திரி அளவு அவளுக்கு எங்கே கிடைக்கும்? 2025 மே மாதம் அதே சிப்காட் பக்கத்திலுள்ள குடிகாட்டில் ஒரு கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து வீடுகளுக்குள் தண்ணீர் பாய்ந்தது. உடம்பில் பட்டது எந்தத் தண்ணீர் என்று தெரிந்தால்தானே வைத்தியம் கேட்க முடியும்?

அளக்க வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதிக மாசு தரும் 17 வகைத் தொழில்கள் இடைவிடாமல் அளக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியிலேயே உத்தரவிட்டது. அந்த எண்கள் மத்திய, மாநில வாரியங்களின் கம்ப்யூட்டருக்கு நேரே போகின்றன. சென்னைக்குப் போகிற எண் கேட்டுக்கு வெளியே வருவதில் என்ன கஷ்டம்?

ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு கம்பெனியில் கரும்பலகைக் கட்டம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். காலை எட்டு மணிக்கு லேப் பையன் துணியோடு வந்து துடைத்துவிட்டுப் புது எண் எழுதுவான். இ.டி.பி.யை, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை, ராப்பகலாக ஓட்ட அவர்களுக்கு ஆகும் கரண்ட் பில் சின்னதல்ல. அவர்களையும் எனாமலில் நம்பர் எழுதச் சொல்கிறவர்களையும் ஊர் ஒரே மாதிரி ஏசுகிறது. தொழில் செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

போன மாதம் ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போர்டு எழுதினேன். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்து வருடம் வரை சிறை என்று 1986 முதல் இருந்ததாம். 2024 ஏப்ரல் 1 முதல் அதை எடுத்துவிட்டு 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியிருக்கிறார்கள் என்றார். அபராதம் கட்டாவிட்டால்தான் சிறை. பெரிய கம்பெனிக்கு 15 லட்சம் ஒரு கணக்கா? ஜெயில் பயம் போன இடத்தில் ஊரின் கண்ணாவது இருக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார்: 1974 தண்ணீர்ச் சட்டம் 25-வது பிரிவின்படி, எந்தக் கம்பெனிக்கு என்ன நிபந்தனையில் அனுமதி என்ற பதிவேட்டை, பாதிக்கப்படும் எவரும் மாநில வாரியத்தில் போய்ப் பார்க்கலாம். அக்காவிடம் சொன்னேன், அவள் மகளிர் குழுவில் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாள்.

2009-ல் நாடு முழுவதும் கடுமையாக மாசுபட்ட 43 இடங்களைப் பட்டியலிட்டபோது கடலூரும் அதில் வந்தது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகளை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜீப்பை கேட்டுக்கு வெளியே நிறுத்தி, போர்டில் இன்றைய தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் அதை அங்கேயே குறிப்பாக எழுதிக் கம்பெனிக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். எண்களுக்குப் பக்கத்தில் அனுமதிக்கப்பட்ட அளவையும் தமிழில் எழுதச் சொல்லுங்கள்.

நான் எழுதிய அந்தப் போர்டு இன்னும் நிற்கிறது. அந்தக் கம்பெனிக்காரர்கள் இதைப் படித்தால் சொல்லி அனுப்பட்டும். எண்களைச் சுரண்டி எடுத்து, கரும்பலகை பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளும் ஒரு பெயிண்டர்,
கடலூர் முதுநகர்.