காவலை அகற்றாதீர்கள், நிரலைத் திருத்துங்கள்: கொழும்பு மென்பொருள் நிறுவனங்களின் பொறியியல் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறியியல் தலைவர்களே,

வணக்கம். இயங்குதளத்தின் மையமான கேர்னல் புதிதாகி, அதில் உங்கள் நிரல் விழும்போது என்ன செய்கிறீர்கள் என்பதைப் பற்றியே இந்த மடல்.

சென்ற ஆண்டு, வெள்ளவத்தையில் ஓர் அலுவலகம். மறையாக்க நிரல் ஒன்றை, பாதுகாப்புக்குப் பெயர்போன ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் புதிய பதிப்புக்கு மாற்றினோம். தொடங்கிய கணமே விழுந்தது. காலி வீதியில் பஸ் ஓசை அடங்கிய பிறகும் தேடிக்கொண்டிருந்தோம். சில்லின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளிக் கோப்பில், ஒரு செயற்கூறு முடிந்த கையோடு 256 பைட் அட்டவணை ஒன்றைக் கட்டளைகளுக்கு நடுவிலேயே யாரோ வைத்திருந்தார்கள். கட்டளைப் பகுதியை வாசிக்கக் கேர்னல் விடவில்லை. "லிங்கரில் அந்தப் பாதுகாப்பை நிறுத்திவிடுங்கள், நாளைக்கு ஒப்படைக்க வேண்டும்" என்று மேலிடத்து உத்தரவு வந்தது. (லிங்கர் என்பது நிரலின் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கருவி.) திருத்தத்துக்குத் தேவைப்பட்டவை இரண்டே வரிகள்: அட்டவணைக்கு முன்னால் வாசிப்புத் தரவுப் பகுதிக்கு மாற ஒன்று, பின்னால் கட்டளைப் பகுதிக்குத் திரும்ப ஒன்று. அவற்றை எழுத எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த இரவு இன்னும் மனதை உறுத்துகிறது.

நாம் நிறுத்திய காவல் சும்மா வந்ததல்ல. எழுதக்கூடிய நினைவகப் பக்கத்தை இயக்கக் கூடாது என்ற விதியை ஓப்பன்பிஎஸ்டி 2003இலேயே கொண்டுவந்தது. புதிய கட்டளைகளைப் புகுத்த வழியில்லாத தாக்குநர்கள், நிரலில் ஏற்கெனவே கிடக்கும் கட்டளைத் துண்டுகளைப் பொறுக்கிக் கோக்கத் தொடங்கினார்கள். துண்டுகள் இருக்குமிடம் தெரியாதபடி முகவரிகளை எழுமாறாக்கினோம். 2014இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதையும் கடந்து காட்டினார்கள். நிரலின் பிரதி அவர்கள் கையில் இல்லை. விழுந்து விழுந்து எழும் சேவர் ஒன்றைக் குருடர் தடவுவதுபோலத் தடவி, அதன் கட்டளைப் பகுதியை அதுவே வலையமைப்பு வழியாக அனுப்பும்படி செய்தார்கள். இயக்கலாம், வாசிக்க முடியாது என்று கட்டளைப் பகுதியைப் பூட்டியிருந்தால் அப்படி அள்ளிக்கொண்டு போயிருக்க முடியாது.

2023 ஏப்ரலில் வந்த ஓப்பன்பிஎஸ்டி 7.3, பல சில்லுக் கட்டமைப்புகளில் இந்தப் பூட்டை யாரும் கேட்காமலே போட்டுத் தந்தது. இன்டெல் வகைச் சில்லுகளில்தான் வில்லங்கம். எந்த நினைவகப் பக்கத்தில் என்ன செய்யலாம் என்று குறித்துவைக்கும் அவற்றின் பக்க அட்டவணையில் வாசிப்பை மட்டும் மறுக்கும் பிட் கிடையாது; இயக்க விட்டால் வாசிக்கவும் விட்டதாகிவிடும். புதிய சில்லுகளில் 'பாதுகாப்புச் சாவி' என்ற வசதி இந்தக் குறையை ஈடுசெய்கிறது. சாவி இல்லாத பழைய இயந்திரத்திலும் கேர்னல் கையை விரித்துவிடவில்லை: "இந்த முகவரியில் இருப்பதை எடுத்து வெளியே அனுப்பு" என்று நிரல் கேட்கும்போது, அது நிரலின் அல்லது நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சி நூலகத்தின் கட்டளைப் பகுதியாக இருந்தால் மறுத்துவிடும். ஸ்டான்ஃபோர்ட் குழு நுழைந்த வாசல் அதுவேதான். பாதிக் காவல் என்று இதை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே கேட்கிறேன். உங்கள் அசெம்பிளிக் கோப்புகளைத் திறந்து, கட்டளைகளுக்கு நடுவே கிடக்கும் அட்டவணைகளைத் தேட, விடயம் தெரிந்த ஒருவருக்கு ஒரு வாரம் கொடுங்கள். நிரல் விழுந்தால் எந்த முகவரியை வாசிக்கப்போய் விழுந்தது என்று முதலில் கேளுங்கள். ஒப்படைக்கும் நாளை ஒரு நாள் தள்ளிப்போட வாடிக்கையாளரிடம் நீங்களே பேசுங்கள். இரவு பதினொரு மணிக்கு இளைய பொறியியலாளரால் அந்தத் தொலைபேசி அழைப்பை எடுக்க முடியாது.

நன்றியுடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு மென்பொருள் பொறியியலாளர்