அமீபா என்று எழுதினால் போதுமா?

அன்புள்ள ரகு,

கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடக்கிறார் என்று படித்ததும் மனசு நிறைந்தது.

போன மாதம் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு ஒருவர் வந்தார். மூன்று வாரமாக வயிற்றுப்போக்கு, பசியில்லை, ஆள் பாதியாகிவிட்டார். வேறிடத்தில் எடுத்த மலப் பரிசோதனையில் ‘அமீபா சிஸ்ட்’, அதாவது அமீபா ஒட்டுண்ணி உறைக்குள் அடங்கிய நிலை, என்று வந்ததால் இரண்டு முறை அமீபாவுக்கான மெட்ரோநிடசோல் மருந்து சாப்பிட்டிருக்கிறார். வாய் கசந்ததுதான் மிச்சம்.

நானும் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தேன். உருண்டையாக, உள்ளே நான்கு கருக்களோடு சிஸ்ட் இருந்தது. ஆனால் ஹிஸ்டோலிட்டிகா என்று எழுதக் கை வரவில்லை. குடலைப் புண்ணாக்கும் எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகாவும் சாதுவான டிஸ்பாரும் சிஸ்ட் நிலையில் அச்சு அசல் ஒன்றேதான். இரண்டும் வெவ்வேறு இனம் என்று முறைப்படி பிரித்ததே 1993-இல்தான். மரபணுவை வைத்து இனத்தைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை போட்டோம். டிஸ்பார்!

அப்படியானால் நோய் எதனால்? அதே மாதிரியைப் புற ஊதா ஒளியில் வைத்தேன். சாயம் எதுவும் போடாமலே, குட்டிக் குட்டி நீல வளையங்கள் இருட்டில் ஒளிர்ந்தன. சைக்ளோஸ்போரா என்ற வேறொரு குடல் ஒட்டுண்ணி. 8 முதல் 10 மைக்ரான்தான் இருக்கும். பிசிஆரும் அதையே சொன்னது. அதற்கு மெட்ரோநிடசோல் கேட்காது, கோட்ரைமாக்சசோல்தான் மருந்து. ஒரு வாரத்தில் ஆள் தெளிந்துவிட்டார். ‘அமீபா’ என்ற ஒரு சொல்லோடு தேடலை நிறுத்தியதால் அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியிலும் இப்படித்தான், கண்ணுக்கு எல்லாம் ஒன்று. மரபணுவைப் படித்தால்தான் ஏ வகையா, பி வகையா என்று தெரியும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணியில் வகை தெரிந்தால் தொற்று வந்த வழியையே ஊகிக்கலாம்: ஹோமினிஸ் என்றால் பெரும்பாலும் மனிதரிடமிருந்து, பார்வம் என்றால் கன்றுக்குட்டியிடமிருந்தும் வந்திருக்கலாம். வேலை மட்டும் லேசில்லை. மலத்தில் வரும் இந்த ஒட்டுண்ணிகளின் வெளிச்சுவர் கெட்டி. நுண்மணிகளோடு குழாயைக் குலுக்கி உடைத்தால்தான் டிஎன்ஏ வெளியே வரும்.

உன் தம்பிக்கு ஒரே ஒரு மாதிரியைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்களாமே. ஒட்டுண்ணி தினமும் வெளியேறாது. ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று மாதிரி கொடுக்கச் சொல். பிசிஆருக்கென்றால் மாதிரியைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு, டிஎன்ஏ கெட்டுவிடும். முடிவு வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
செல்வம்