எக்விடபிள் கட்டடமும் 1916ஆம் ஆண்டுச் சட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நியூயார்க்கின் எக்விடபிள் கட்டடம் வெயிலை மறைத்ததால்தான் 1916இல் அந்நகரம், எந்தப் பகுதியில் எதை, எவ்வளவு உயரம் கட்டலாம் என்று வரையறுக்கும் மண்டல ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று தங்கள் ஞாயிறு இதழ்க் கட்டுரையில் படித்தேன். பலரும் அப்படித்தான் சொல்லி வருகிறார்கள். ஆனால் அது பாதி வரலாறே என்பதால் இதை எழுதுகிறேன்.

பயணிகள் லிஃப்ட் பொருத்தப்பட்ட முதல் அலுவலகக் கட்டடம் எனப் பெயர்பெற்ற பழைய எக்விடபிள் கட்டடம், 1912 ஜனவரியில், தீயணைப்போர் பீய்ச்சிய நீர் சுவரிலேயே உறைந்துபோகும் கடுங்குளிரில் எரிந்து அழிந்தது. அதே மனையில் 1915இல் எழுந்ததே இன்று நிற்கும் 38 மாடிக் கட்டடம். ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைந்த இடத்தில் சுமார் 12 லட்சம் சதுர அடித் தளப்பரப்பு. அதாவது மனையைப் போல் ஏறக்குறைய 30 மடங்கு. மகளைப் பார்க்க அங்கு சென்றிருந்தபோது பைன் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். நடைபாதை ஓரத்திலிருந்து உச்சிவரை எங்கும் படியிறங்காமல் சுவர் நேராக எழுகிறது. நண்பகலிலும் தெரு நிழலில் கிடக்க, தலைக்கு மேல் வேட்டிக் கரை அகலத்துக்கே வானம் தெரிந்தது. வெளிச்சமும் போயிற்று, வாடகையும் போயிற்று என்று அக்கம்பக்கத்துக் கட்டட உரிமையாளர்கள் அன்று குமுறியதில் வியப்பில்லை.

ஆனால் கால வரிசையைக் கவனிக்க வேண்டும். கட்டட உயரங்களை ஆராயும் ஆணையத்தை நகர நிர்வாகம் 1913இலேயே அமைத்துவிட்டது; அதன் அறிக்கையும் அவ்வாண்டு இறுதியில் வெளிவந்தது. அப்போது புதிய எக்விடபிள் எழுந்திருக்கவே இல்லை. அன்றைய மன்ஹாட்டன் பகுதித் தலைவர் ஜார்ஜ் மெக்கனெனி, வழக்கறிஞர் எட்வர்டு பாசெட் ஆகியோரின் உழைப்பும், ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள் தங்கள் பகுதிக்குள் பெருகுவதைக் கண்டு அஞ்சிய ஐந்தாம் அவென்யூ வணிகர்களின் நெருக்குதலும் இல்லாமல் அச்சட்டம் பிறந்திருக்காது. எரிந்துகொண்டிருந்த அடுப்பில் எக்விடபிள் எண்ணெய் ஊற்றியது என்பதே சரியான கணக்கு.

சட்டம் உயரத்தைத் தடை செய்யவில்லை என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். தெருவின் அகலத்தைக் கொண்டு சுவரின் உயரம் கணக்கிடப்பட்டது. மிகத் தாராளமான மண்டலத்தில், அகலத்தின் இரண்டரை மடங்கு வரை நேராக எழுப்பலாம். அதற்கு மேல் ஒவ்வோர் 5 அடி உயரத்துக்கும் ஓர் அடி உள்வாங்க வேண்டும். மனையின் கால் பகுதியில் மட்டும் எவ்வளவு உயரத்துக்கும் கோபுரம் எழுப்பலாம். 1931இல் எழுந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் படிப்படியான தோற்றம் இந்த விதியின் விளைவே. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று வரையறுக்கும், நம் ஊரில் தளப்பரப்புக் குறியீடு என்று வழங்கும் கணக்கை நியூயார்க் நகர் முழுமைக்கும் விதியாக்கியது 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

இத்தொடரின் அடுத்த பகுதியில் 1913ஆம் ஆண்டு ஆணையத்தையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
திருச்சி