மாண்டெல்ஷ்டாமை ‘காட்டிக்கொடுத்தவர்’ என்று எழுதலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ரஷ்யக் கவிஞர் ஓசிப் மாண்டெல்ஷ்டாமைப் பற்றி வந்த கட்டுரையில், ‘விசாரணையில் நண்பர்களைக் காட்டிக்கொடுத்தவர்’ என்று போகிற போக்கில் ஒரு வரி. அவர் மனைவி நதேஷ்தா எழுதி, 1970இல் ‘ஹோப் அகெய்ன்ஸ்ட் ஹோப்’ என்று ஆங்கிலத்தில் வந்த நினைவுக்குறிப்புகளைப் படித்த யாருக்கும் அந்த வரி உறுத்தும். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

ஸ்டாலினைச் சாடி 1933இல் எழுதிய கவிதையை நெருங்கிய சிலருக்கு மட்டும் அவர் சொல்லிக் காட்டினார். 1934 மே மாதம் ஓர் இரவு அவரைக் கைது செய்ய ரகசியப் போலீசார் வீடு புகுந்து சோதனை போட்டார்கள். அன்றைக்கு அங்கே விருந்தாளி இன்னொரு கவிஞரான அன்னா அக்மதோவா, அவருக்காகப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வைத்திருந்தது ஒரே ஒரு முட்டை, அதைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அக்மதோவாவே சொல்ல, மேஜையில் உட்கார்ந்து உப்புப் போட்டுத் தின்றுவிட்டுத்தான் மாண்டெல்ஷ்டாம் கிளம்பினார். லுபியாங்கா சிறையில் தூங்கவிடாமல் விசாரித்தபோது, கவிதையைக் கேட்டவர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டார். உண்மைதான், நதேஷ்தா அதை மறைக்கவே இல்லை. ஆனால் மனைவியைப் பார்க்க அனுமதித்த அந்தக் கொஞ்ச நேரத்தில், விசாரணை அதிகாரி எதிரிலேயே, யார் யார் பெயரைச் சொன்னேன் என்று அவசர அவசரமாக அடுக்கினாரே, அவர்களையெல்லாம் மனைவி போய் எச்சரிக்கட்டும் என்பதற்காக! இதைக் கட்டுரை ஏன் விட்டுவிட்டது?

துரோகம் என்றால் அது, அந்தக் கைதுக்குப் பின் அவர் நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய பிறகு, 1938இல் நடந்தது. எழுத்தாளர் சங்கத்தின் செயலாளர் ஸ்டாவ்ஸ்கி, மாண்டெல்ஷ்டாம் பிரச்சினையைத் தீர்த்து வையுங்கள் என்று ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவுக்கே கடிதம் எழுதினார். சங்கத்தின் தயவில் சமாதிகா என்ற ஊரில் ஓய்வு இல்லத்தில் தம்பதிக்கு இடம் கிடைத்தது, மே மாதம் அங்கேயே வைத்துக் கைது செய்தார்கள். டிசம்பரில் விளாதிவஸ்தோக் அருகே ஒரு முகாமில் இறந்துபோனார்.

அப்புறம் நதேஷ்தா என்ன ஆனார்? ஸ்த்ருனினோ என்ற சிற்றூரில் நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட், இயந்திரங்களுக்கு நடுவே ஓடி ஓடி வேலை பார்த்துக்கொண்டே, தாளில் வைத்தால் பறிபோகும் என்று, கணவரின் கவிதைகளை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். போலீஸ் அங்கேயும் கூப்பிட்டு மிரட்டியது தெரிந்ததும், மில் தொழிலாளர்கள் இரவில் சத்தமில்லாமல் வந்து ஜன்னல் விளிம்பில் பணம் வைத்து, ஊரைவிட்டுத் தப்பிப் போக வழி செய்தார்கள். கவிதையே படித்திராதவர்களாக இருந்திருக்கலாம், ஆனால் அந்தக் காலத்தில் இப்படிச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அடுத்த வாரம் அக்மதோவாவைப் பற்றி எழுதப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். மாண்டெல்ஷ்டாம் விசாரணையில் சொன்ன பெயர்களில் அவர் பெயரும் இருந்தது, அவர் மகன் லெவ் பெயரும் இருந்தது. அதற்குப் பிறகும் 1936இல் அக்மதோவா, மாண்டெல்ஷ்டாம் நாடுகடத்தப்பட்டிருந்த வொரோனெஷ் ஊர் வரை போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். தயவுசெய்து அதையாவது விடாமல் எழுதுங்கள்.

ஒரு வாசகர்,
கும்பகோணம்