பின்னல்காரிக்கு வந்த சபலம்

அன்பின் சரோஜாவுக்கு,

உன் பொதி கிடைத்து வெகுநாளாகியும் பதில் எழுதாததற்கு மழையைக் காரணம் காட்டலாம். ஹட்டனில் ஆனி ஆடி மழை எப்படியென்று உனக்குத் தெரியாததல்ல. ஆனால் உண்மைக் காரணம் அந்தப் பொதியேதான். வீட்டில் யாவரும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் வழக்கம்போல் முறைப்பாடு செய்கிறது. உன் பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா?

குயில்டிங் போர்வை தைக்க எனக்கு ஆசைகாட்டி, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து நீ அனுப்பிய ஒன்பது கட்டச் சதுரத்தை முதலில் மேசை இலாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். இப்போது அது என் பின்னல் கூடைக்குள் குடியேறிவிட்டது. இரண்டு ஊசியையும் கம்பளி நூலையும் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று கலாசாலை விடுதியில் நான் செய்த சபதத்தை நீ மறந்திருக்கமாட்டாய். விடுதிப் பொறுப்பாளர் மேற்றனின் காலுறையையும் மறந்திருக்கமாட்டாய். அலுமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் நூல்தான் இருக்கிறது. பழைய சுவெட்டர்களைப் புரட்டிப் பார்த்து, துணிபோல் வெட்டி ஓரத்தை ஓவர்லொக் இயந்திரத்தில் அடித்தவற்றின் நூல் வரிசைக்கு வரிசை அறுந்து வருமென்று ஒதுக்கி, ஓரம் வரை முழுதாகப் பின்னியவற்றை மட்டும் வாங்கி, பிரித்து, நனைத்து, பாரம் கட்டித் தொங்கவிட்டு நேராக்கிய நூல் அது. அதைப் பின்னி முடிக்கவே இந்த ஆயுள் போதுமோ என்னவோ, இதற்குள் துணி மூட்டை வேறா என்று அவர் கேட்பது நியாயந்தான்.

பின்னலை நான் நம்புவதே அதைப் பிரிக்கலாம் என்பதற்காகத்தான். கண்ணி ஒன்று நழுவினால் அந்த வரிசை வரை இழுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம், நூலுக்கு நட்டமில்லை. துணியில் கத்தரி பட்டால் பட்டதுதான். அதோடு, கணக்கு டீச்சரின் புத்தி சும்மா இருக்குமா? 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமுமான போர்வைக்கு, தைத்தபின் 5 அங்குலம் நிற்கும் சதுரங்கள் 192 தேவை. ஓரத்தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் விட்டு ஒவ்வொன்றையும் ஐந்தரை அங்குலமாக வெட்டவேண்டும். தைக்கும்போது ஒவ்வொரு விளிம்பிலும் 1/16 அங்குலம் கூடுதலாகப் பிடித்துவிட்டால், குறுக்கே வரும் 11 மூட்டுகளிலுமாகச் சேர்ந்து ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல் காணாமற்போகும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் மூலைகள் ஒன்றோடொன்று சந்திக்கவே மாட்டா. இவ்வளவு கண்டிப்பான வேலையைப் பொழுதுபோக்கு என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

இவ்வளவும் எழுதிய பிறகும் சபலம் போகவில்லை. காரணம் நீ எழுதியிருந்த, அமெரிக்காவின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் போர்வை தைக்கும் அந்தப் பெண்கள். அலபாமாவின் அந்த மூலையில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியார் பலருக்குத் தோட்ட முதலாளி பெட்வேயின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது என்பதைப் படித்தபோது, நம் தோட்டத்துப் பேரேடுகள் நினைவுக்கு வந்தன. அவர்களுடைய போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் மாட்டி வைத்ததும் 2006இல் அமெரிக்க அஞ்சல் முத்திரைகளில் அச்சிட்டதும் பெருமைதான். எனக்கோ 1942இல் மிசூரி பெட்வே என்ற பெண் இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டு தைத்த போர்வைதான் மனத்தில் நிற்கிறது.

அம்மாவின் தகரப்பெட்டியை நான் இன்னும் காலி செய்யவில்லை. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது அவர் உடுத்திய சேலைகள் அதில்தான் இருக்கின்றன. ஒரு சிவப்புச் சேலை வெயிலும் மழையும் பட்ட இடமெல்லாம் வெளிறிப்போயிருக்கிறது. சேலைக்கு மேல் இடுப்பில் கட்டும் படங்கு மூடியிருந்த பகுதி மட்டும் இன்னும் கடுஞ்சிவப்பாக இருக்க, கயிறு இறுக்கிய இடுப்புக் கோட்டில் வெளிச்சம் தெரியுமளவுக்கு நூல் தேய்ந்திருக்கிறது. அதைச் சதுரம் சதுரமாக வெட்ட என்னால் முடியாது, சரோஜா. வெட்டினாலும் அந்த நைந்த துணி கால் அங்குலத் தையலைத் தாங்காது.

ஆகவே வேறொரு வழியைப் பிடித்திருக்கிறேன். வங்காளத்துப் பெண்கள் காந்தா தைக்கும்போது பழைய சேலைகளை வெட்டுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுவார்களாம். நைந்த துணியை அடுத்த அடுக்கு தாங்கிக்கொள்ளும். நடுவே பஞ்சு விரிப்பும் வேண்டியதில்லை, இந்த ஈரத்தில் அது காய்ந்து தொலையவும் வேண்டியதில்லை. துண்டு சேர்க்காதது குயில்டிங்கே ஆகாது என்று நீ சண்டைக்கு வருவாய். அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்துத் தைப்பதுதானே குயில்டிங்? துண்டு சேர்ப்பது வேறு வேலை. நீயே அனுப்பிய குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது, எடுத்துப் பார்.

முதலில் இரண்டு பழைய தலையணை உறைகளில் கை பழகப்போகிறேன். அடுத்தமுறை புறக்கோட்டைப் பக்கம் போனால் நீண்ட, கண் பெரிய ஊசிகளும் வெள்ளைப் பருத்தி நூல் சில கட்டைகளும் வாங்கி அனுப்பு. கரை நூல் போதுமோ என்னவோ. பணத்தை வழமைபோல் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். சந்திராவிடம் மட்டும் மூச்சு விடாதே; காலுறைக் கதையைத் திரும்பவும் தொடங்கிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் ராஜி