எட்டாம் வருடத்துக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்

மும்பையைச் சுற்றித் தீம் பார்க் கட்டவும், இருக்கும் பார்க்கை விரிவாக்கவும் பணம் போடப்போகும் நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களுக்கு,

வணக்கம்.

நான் மும்பை மாட்டுங்காவில் இருப்பவன். வங்கியில் திட்டக் கடன் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓட்டல், மால், ரிசார்ட் என்று கடன் கேட்டு வரும் திட்ட அறிக்கைகளைப் படிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதைவிட முக்கியம், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போகிற ஆள் நான். முதலில் என் பிள்ளைகள், இப்போது பேத்தி.

எஸ்ஸெல்வேர்ல்டு என்ற பார்க் 1989இல் மும்பையின் கோராயில் திறந்தது. தொண்ணூறுகளில் மே மாதம் வந்தால் எங்கள் பில்டிங்கில் நாலைந்து தமிழ்க் குடும்பம் சேர்ந்து கிளம்பும். மாட்டுங்கா ரோடில் லோக்கல் ஏறி, போரிவலியில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் படகுத்துறைக்குப் போவோம். படகு கழிமுகத்தைத் தாண்டும்போதே குழந்தைகளுக்குப் பார்க் ஆரம்பித்துவிடும். அந்த இடம் 2022இல் மூடப்பட்டது. செய்தியைப் படித்த அன்று என் மகன் வெளியூரிலிருந்து போன் செய்து, "அப்பா, அந்தப் படகு இன்னும் ஓடுதா?" என்றுதான் கேட்டான். நீங்கள் எதற்குப் பணம் போடுகிறீர்கள் என்பதை அந்த ஒரு கேள்வியே சொல்லிவிடும் என்று நினைக்கிறேன்.

போன வருடம் பேத்தியை இன்னொரு பார்க்குக்கு அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம், அவர்களை மட்டும் குறை சொல்வது என் நோக்கமில்லை. உயரம் அளக்கும் பலகைக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றாள். இரண்டு விரல் கூடவே இருந்தாள். அவ்வளவு சந்தோஷம்! ஆனால் அவளுக்குப் பிடித்த மூன்று ரைடில் கயிறு கட்டி, "பராமரிப்பில் உள்ளது" என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். அட்டை வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. நேற்று இன்று மாட்டியதல்ல. டிக்கெட் கவுன்டரில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை, விலையும் குறையவில்லை. ஓடிக்கொண்டிருந்த ரோலர் கோஸ்டரில் ஒன்றே முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். பக்கத்துத் தண்டவாளத்தில் இரண்டாவது ரயில் நீலத் தார்ப்பாய் போட்டு நின்றது. ஆள் இல்லை, அதனால் ஒன்றுதான் ஓட்டுகிறோம் என்று பெல்ட் மாட்டிவிடும் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். பாவம், அவன் என்ன செய்வான்?

அந்தத் தார்ப்பாயின் கணக்கைப் பார்ப்போம். 24 பேர் உட்காரும் ரயில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 720 பேர் ஏறலாம். ஒரே ரயில் நாலு நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் 360 பேர்தான். மிச்சமாவது இரண்டு மூன்று பேரின் சம்பளம். போவதோ, வரிசையில் நிற்கும் ஒவ்வொரு குடும்பத்தின் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் அவர்கள் சாப்பிட்டிருப்பார்கள், தொப்பி வாங்கியிருப்பார்கள், போட்டோ எடுத்திருப்பார்கள். வாசலில் பையைச் சோதித்து எங்கள் தயிர்சாத டப்பாவை எடுத்து வைத்துவிடுகிறீர்கள், சரி. அப்படியானால் உள்ளே சாப்பிட நேரமாவது கொடுக்க வேண்டாமா? சம்பளத்தில் மிச்சம் பிடித்தது உங்கள் கணக்கில் தெரிகிறது. கேன்டீனில் விற்காமல் போனது எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை. தரத்தைக் குறைத்தால் லாபம் கூடும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அதையும் ஒரு வங்கிக்காரனாகச் சொல்லியாக வேண்டும். கோப்போலிக்குப் பக்கத்தில் 2013இல் திறந்த இமேஜிக்கா நல்ல பார்க். சுவிட்சர்லாந்து கம்பெனி செய்த ரோலர் கோஸ்டர், கதை சொல்லும் ரைடுகள் என்று எதிலும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. சுமார் 1,600 கோடி ரூபாய்த் திட்டம், அதில் பெரும்பங்கு கடன். மும்பைக்காரர்களுக்குத் தெரியும், ஜூன் தொடங்கி நாலு மாதம் அந்தப் பக்கம் எப்படிக் கொட்டும் என்று. பள்ளிக்கூட நாளில் கூட்டம் இருக்காது. வட்டிக்கு மட்டும் மழைக்காலமும் கிடையாது, பரீட்சை நேரமும் கிடையாது. 2015இல் பங்கு வெளியிட்டும் கடன் சுமை தீரவில்லை. கடைசியில் 2022இல் மல்பானி குழுமத்தின் கைக்குப் போனது. வங்கிகளும் தங்களுக்கு வரவேண்டியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. பாரிஸ் டிஸ்னியும் இப்படித்தான், 1992இல் திறந்து 1994லேயே கடனைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இந்த இரண்டு இடத்திலும் தரம் நஷ்டம் கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. நஷ்டம் கொடுத்தது அகலக்கால்.

வரி ஒரு காரணம் என்பீர்கள். உண்மைதான், ஜிஎஸ்டி வந்தபோது 28 சதவீதம் போட்டார்கள், 2018இல்தான் 18 ஆனது. அது உங்கள் கையில் இல்லை. மற்றது இருக்கிறது.

சரி, செலவைக் குறைத்துக் கட்டினால்? டிஸ்னியே அதையும் செய்து பார்த்தது. கலிபோர்னியாவில் 1955 முதல் ஓடும் டிஸ்னிலேண்டின் கார் நிறுத்துமிடத்தில், 2001இல் இரண்டாவது பார்க்கைச் சிக்கனமாகக் கட்டினார்கள். திருவிழா ராட்டினம் மாதிரி எங்கும் கிடைக்கும் ரைடுகள்தான் அதிகம். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2007இல் சுமார் 110 கோடி டாலர் ஒதுக்கி, 2012 வரை திருத்தித் திருத்திக் கட்டினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனம், தாங்கியது. உங்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் முறை கட்டக் கைவசம் பணம் இருக்கும்?

நம் பக்கத்தில் வொண்டர்லா பார்க்குகளைப் பாருங்கள். 2000இல் கொச்சி, 2005இல் பெங்களூரு, அப்புறம் 2016இல்தான் ஹைதராபாத். ஒன்று காலூன்றி அதில் பணம் வந்த பிறகே அடுத்ததில் கை வைத்தார்கள். சில ரைடுகளைக் கொச்சியில் தங்கள் பட்டறையிலேயே செய்துகொள்கிறார்கள். ரைடைச் செய்தவர்களே பக்கத்தில் இருந்தால், ஒரு பேரிங் போனதற்கு வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்து ரைடை மூடி வைக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் இயக்குநர்கள் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டிய விஷயம் அந்தப் பட்டறைதான்.

என் அனுபவத்தில், எந்தத் திட்ட அறிக்கையிலும் திறப்பு விழா வருடத்துக்கு முப்பது நாற்பது பக்கம் இருக்கும். வண்ணப் படங்கள், கூட்டக் கணிப்பு, எல்லாம். பராமரிப்புக்கு ஒரு வரி, வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று. நானும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவன்தான். இப்போது யோசித்தால் மனசு உறுத்துகிறது.

அதனால் கேட்கிறேன். பார்க் திறந்த பிறகு எட்டாம் வருடம் எப்படி இருக்கும் என்று ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். எந்த ரைடைக் கழற்றிச் சோதிக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும், வட்டி கட்டிய பிறகு அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? பதில் எழுத முடியவில்லை என்றால், பத்து ரைடுக்குப் பதில் ஆறோடு திறங்கள். மீதி இடத்தில் மரம் வைத்துவிடுங்கள், இந்த ஊர் மே மாத வெயிலில் நிழல்தான் முதல் வசதி. பராமரிப்புப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, கூட்டம் குறைந்த மாதத்திலும் அதில் கை வைக்காதீர்கள். எந்த ரைடு இன்று ஓடாது என்பதை டிக்கெட் கவுன்டரிலேயே எழுதிப் போடுங்கள்.

என் பேத்தி அடுத்த மே மாதத்துக்கு இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அந்த நீல ரயிலும் ஓடுமா தாத்தா என்று கேட்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

வணக்கத்துடன்,
மாட்டுங்காவிலிருந்து ஒரு தாத்தா