பாறையெல்லாம் ஜிடி இல்லை

தூத்துக்குடி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்த வாரம் இங்கே வாடைக்காற்று பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி படகை இறக்கவே இல்லை. அதனால் உன் கடிதத்தை ஆற அமர வாசித்தேன். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் போகவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே பெரியவளுக்கு வளைகாப்பு தை மாதம் வைத்திருக்கிறோம். நீ கப்பல் ஏறி வருவாய் என்றுதான் வீட்டில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மூன்று நாள் கடலில் கிடக்க முடியாது என்றால் விமானத்தில் வா, சாக்கு சொல்லாதே.

இனி நீ அனுப்பிய மீன் படங்களுக்கு வருகிறேன். அந்தமானுக்கு மாற்றலாகிப் போகும்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவன், இப்போது வாராவாரம் ஜிக் (மீன் மாதிரி செய்த உலோகத் தூண்டில் இரை) போடப் போகிறாய் என்றால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் நீ ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதியிருக்கிற பெயர்கள் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதல் படம். 'பெரிய ஜிடி' என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய். ஜிடி என்றால் ஜயன்ட் டிரெவலி, பாறை மீனில் ஓர் இனம். இது ஜிடி இல்லை மாப்ளே, பெருங்கண் பாறை, அதே வகையில் வேறு இனம். படத்தைப் பெரிதாக்கிப் பார். செவுள் மூடியின் மேல்விளிம்பில் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு தெரிகிறது. இரண்டாவது முதுகுத் துடுப்பின் நுனி வெள்ளையாக இருக்கிறது. ஜிடிக்கு இந்த இரண்டும் கிடையாது. கண்ணின் அளவை வைத்துச் சொல்லலாமே என்பாய். சின்ன மீனில் எல்லாப் பாறைக்கும் கண் பெரிதாகத்தான் தெரியும், அதை நம்பாதே.

படத்தில் பொட்டு விழவில்லை, மீன் கையில் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. மீனை மல்லாத்திப் போட்டு நெஞ்சைப் பார். ஜிடிக்கு நெஞ்சின் அடிப்பக்கம் செதில் இல்லாமல் வழவழவென்று இருக்கும். இடுப்புத் துடுப்புக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் ஒரு சின்னத் திட்டுச் செதில் இருக்கும். பெருங்கண் பாறைக்கும், நீலத் துடுப்பும் நீலப் பொட்டுகளுமாக வருமே அந்தப் பாறைக்கும் நெஞ்சு முழுக்கச் செதில்தான். கட்டைவிரலை வால் பக்கமிருந்து தலைப்பக்கமாக ஒரு தடவை இழுத்தால் போதும். செதில் இருந்தால் விரலில் தட்டும், இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். இருட்டில்கூட இதைச் செய்யலாம். அண்ணாச்சிக்கு இதை நான் காட்டியபோது, 'நாப்பது வருசமா பாறையை அறுக்கேன், நெஞ்சைத் தடவிப் பாக்கணும்னு தோணலையே' என்றார். அவருக்கு அது தேவையும் இல்லை. ஏலத்தில் பாறை என்றால் பாறை, கிலோவுக்கு இன்ன விலை, அவ்வளவுதான். நாம்தான் பிடித்ததைப் படம் எடுத்து, பெயர் எழுதி, ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டுக் கடலில் திரும்ப விடுகிறவர்கள். பெயரையாவது சரியாக எழுத வேண்டாமா?

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது உனக்கு எரிச்சலாக இருக்கலாம். ஆனால் சாட்சிகளிலேயே மோசமான சாட்சி நிறம்தான். ஒரே ஜிடி மணல் தரையில் வெள்ளி மாதிரி மின்னும், கல் இடுக்கில் கறுத்துப் போகும். முதிர்ந்த ஆண் மீன் கன்னங்கரேல் என்று வருவதும் உண்டு. பெருங்கண் பாறையும் இனப்பெருக்கக் காலத்தில் கறுக்கும். மேலே ஏற்றி நீ கேமராவைத் தேடுவதற்குள் பாதி நிறம் போய்விடும், ஐஸ் பெட்டிக்குள் போனால் மிச்சமும் போய்விடும். துடுப்பு, பல், செதில், உடம்பின் பக்கவாட்டில் ஓடுகிற பக்கக்கோடு, செவுள் மூடி இவை எங்கேயும் ஓடிப்போகாது.

மூன்றாவது படத்துக்குக் கீழே 'சூரை' என்று எழுதியிருக்கிறாய். குடும்பம் சரி, ஆள் வேறு. வாய் திறந்திருக்கிறது பார், கூம்பு கூம்பாகப் பெரிய பற்கள். மற்ற சூரைக்குப் பல் பொடியாகத்தான் இருக்கும். பக்கக்கோடும் நெளிந்து நெளிந்து போகிறது. இரண்டாவது முதுகுத் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் நுனி வெள்ளை. இது நாய்ப்பல் சூரை. பவளப்பாரின் சரிவு ஆழத்துக்கு இறங்குகிற இடங்களில் கிடைக்கிற சாமான். நமது தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் இதை நான் பார்த்ததே இல்லை. நீ அதை 'சூரை' என்று ஒரே வார்த்தையில் கடந்து போயிருக்கிறாய். உன் பொறாமைக்காரனாக இதை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

ஜிக்கில் இந்தக் குழப்பம் அதிகம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மத்தி கோர்த்து அடியில் போட்டால் யார் வருவார் என்று ஓரளவு தெரியும். ஜிக் அப்படியில்லை. தரையைத் தொட்டதில் இருந்து மேலே வரும் வரைக்கும் ஒவ்வொரு அடுக்கிலும் ஒவ்வொருவன் காத்திருக்கிறான். தரையைத் தொட்ட கையோடு அடித்தால் பெரும்பாலும் களவா, செப்பிலி, விளமீன். தரையிலேயே படுத்துக்கிடக்கிற தண்ணிப்பன்னா, தானே ஜிக்கின் நீளம்தான் இருந்தாலும், வெட்கமில்லாமல் கவ்வும். மேல் மூன்றில் ஒரு பங்கில் அடித்தால் சீலா, ஊளி, சூரை என்று யோசி. பாறை மட்டும் எங்கே வேண்டுமானாலும் வரும். அதனால் மீன் அடித்ததும் ஆழம் எவ்வளவு என்று மனதில் குறித்துக்கொள். அது பெயரைச் சொல்லிவிடாது, ஆனால் பாதிப் பெயர்களைக் கழித்துவிடும்.

சீலா என்று நான் எழுதினால் நம் ஊர்ச் சீலா, அதாவது வஞ்சிரம். சென்னைக்காரர்கள் உன் படகில் ஏறினால் ஊளியைக் காட்டி ஷீலா என்பார்கள். சண்டை போடாதே, மீனைப் பார். அந்தமானில் சீலாவும் அதற்கு உறவுக்காரனான வாஹூவும் ஒரே நாளில் வரக்கூடும். இரண்டுக்கும் உடம்பில் குறுக்குப் பட்டை உண்டு. சீலாவின் பக்கக்கோடு இரண்டாவது முதுகுத் துடுப்பு முடிகிற இடத்துக்குக் கீழே சடாரென்று கீழே இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துவிட்டால் வேறு கேள்வி வேண்டாம். வாஹூவின் முகம் நீளம், முதல் முதுகுத் துடுப்பில் முள் இருபதுக்கு மேல் இருக்கும். சீலாவுக்கு 15 முதல் 18 தான். புள்ளிச் சீலா வேறு ஆள்: பட்டை இருக்காது, வரிசை வரிசையாகப் புள்ளி, பக்கக்கோடு பைய வளைந்து இறங்கும்.

ஏதோ ஒன்று தொடர்ந்து ஜிக்கை அறுத்துக்கொண்டு போகிறது, அது ஜிடியாகத்தான் இருக்கும் என்று எழுதியிருந்தாய். அறுந்த தூண்டில் நரம்பு முனைகளின் படத்தையும் அனுப்பியது நல்லதாயிற்று. ஒன்று கத்தியால் வெட்டியது போலச் சுத்தமாக இருக்கிறது. அது பல், சீலாவோ வாஹூவோ, ஜிக் கொக்கிக் கயிற்றை மட்டும் நறுக்கியிருந்தால் பேத்தையாகவும் இருக்கலாம். இன்னொன்று ஒரு சாண் நீளத்துக்கு வெளுத்து, நார் நாராகப் பிய்ந்திருக்கிறது. அது பவளப்பாரில் உரசி அறுந்தது. களவாவோ ஜிடியோ பொந்துக்குள் இழுத்திருக்கும். மூன்றாவது முனை பன்றிவால் மாதிரி சுருண்டிருக்கிறது பார், அது மீனும் இல்லை, பாரும் இல்லை. உன் முடிச்சு நழுவியிருக்கிறது. எண்பது பவுண்டு தங்கூசி நரம்புக்கு எச்சில் தொட்டு மெதுவாக இறுக்கு என்று சொன்னால் கேட்கமாட்டாய்.

இனிச் சொல்லப்போவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. நான்காவது படத்தில் செப்பிலி என்று எழுதி, 'குழம்பு வைத்தோம், பிரமாதம்' என்றும் சேர்த்திருக்கிறாய். படத்தைப் பார்த்தேன்: மூக்குத் துளையிலிருந்து கண்ணின் முன்விளிம்பு வரைக்கும் ஆழமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. நம் ஆற்றுமுகத்துச் செப்பிலிக்கு அந்தப் பள்ளம் கிடையாது. இது போஹார் என்கிற சிவப்பு மீன். குஞ்சாக இருக்கும்போது முதுகில் இரண்டு வெள்ளைப் பொட்டு இருக்கும், பெரிதானால் அது மங்கிவிடும், அதனால்தான் ஏமாறுகிறார்கள். பவளப்பாரில் வளர்கிற நுண்பாசி ஒன்றின் நஞ்சு, சின்ன மீன் தின்று, அதைப் பெரிய மீன் தின்று, கடைசியில் இவன் உடம்பில் சேர்ந்து நிற்கும். சிகுவாடெரா என்பார்கள். எல்லா மீனிலும் இருக்காது. ஆனால் இருந்தால் மணத்தில் தெரியாது, ருசியில் தெரியாது, கொதிக்க வைத்தாலும் ஐஸில் போட்டாலும் போகாது. வாந்தி, பேதி, உதடு மரத்துப்போவது, குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுவது போல எரிவது, இதெல்லாம் அறிகுறி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இந்த மீனைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம். ஆனால் பெரிய போஹாரின் தலையையும் ஈரலையும் வீட்டுக்குக் கொண்டுபோகாதே. தங்கச்சிக்கு இப்போது கொடுக்கவே கொடுக்காதே.

களவாவிலும் ஒரு எச்சரிக்கை. உடம்பு மொத்தமும் கறுப்பும் வெளிறலுமாகத் திட்டுத்திட்டாக, துடுப்பெல்லாம் கறுப்புப் பொட்டாக, உடம்பின் அளவுக்குக் கண் மிகச் சின்னதாக ஒன்று வந்தால், அது ராட்சதக் களவா. குஞ்சாக இருந்தால் மஞ்சளில் கறுப்புப் பட்டை. 2001-இல் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். படகுப் பக்கத்திலேயே, தண்ணீரில் வைத்தே கொக்கியைக் கழற்று. படகில் ஏற்றிப் படம் எடுத்து அதை எல்லோருக்கும் அனுப்பிவைக்கிற வேலை வேண்டாம். 'வேறு களவா என்று நினைத்தேன்' என்பதெல்லாம் யாரிடமும் எடுபடாது.

தோல் பாறை கையில் வந்தால் முதுகு முள்ளைக் கவனி. விஷ முள், குத்தினால் கடுகடுவென்று வலி ஏறும். பக்கக்கோட்டின் மேல் ஒரே வரிசையாகப் பெரிய திட்டு என்றால் ஓர் இனம், கோட்டுக்கு மேலும் கீழுமாக இரண்டு வரிசை என்றால் வேறு இனம்.

படம் எடுக்கும் முறையை மாற்று. மீனை நெஞ்சோடு கட்டிப்பிடித்து நீ சிரிக்கிற படம் தங்கச்சிக்கு அனுப்பு. எனக்கு வேறு படம் வேண்டும். கையை நனைத்துக்கொண்டு, வெயில் நேராக விழாமல் மீனைப் படுக்கப் போட்டு, முதுகுத் துடுப்பை விரலால் விரித்துப் பிடித்து பக்கவாட்டில் ஒன்று. செவுள் மூடி, கண், மூக்கு சேர்ந்து தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒன்று. பாறையாக இருந்தால் நெஞ்சு. சூரை, செப்பிலி என்றால் வாயைத் திறந்து பல். நீளத்தை வால் கவை வரை அள. அவ்வளவுதான், அரை நிமிஷ வேலை. முடிந்ததும் தலையை முன்னால் வைத்துத் தண்ணீரில் விடு.

இதெல்லாம் பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால் நோட்டில் 'பாறை' என்று மட்டும் எழுது. தைரியமாகத் தப்புப் பெயர் எழுதுகிறவனைவிட பாதிப் பெயரோடு நிறுத்துகிறவனை நான் நம்புவேன். உன் படகுக்காரர் சொல்கிற பெயரையும் பக்கத்தில் எழுதிவை. அங்கே வங்காளம், தெலுங்கு, கரேன், நிக்கோபாரி என்று எத்தனையோ பேர் மீன் பிடிக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். நான் வரும்போது அந்த நோட்டைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது படத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்பாய். வால் வெட்டுப்பட்டுப் போய், தலை உன் முழங்கைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அதில் நடுத்துண்டு மட்டும்தான் தெரிகிறது. அதே மீன் இன்னும் ஃப்ரீசரில் இருந்தால் எடுத்து, நான் சொன்ன மாதிரி படம் எடுத்து அனுப்பு. வரும்போது எனக்கு 120 கிராமில் இரண்டு ஜிக் வாங்கி வா, வெள்ளியாக இருக்கட்டும், ரோஜா நிறம் வேண்டாம். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், அண்ணாச்சியிடம் படகு சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்